கைபிடிக்குள் இருந்த துரு

வெஸ்ட்கேட்
14.09.2025

அன்பின் சரோவுக்கு,

போனில் கதைத்தால் சண்டையில் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். சிநேகிதன் பிரதாபன் வீட்டு மேலறை எனக்குப் போதும். உன் கால் வீக்கம் வற்றிவிட்டதா?

கௌசிகனின் அலுமாரிக்குள் அந்த ஜப்பான் வாள் இருக்கிறது. "இதைச் செய்தவன் ஆரெண்டு கண்டுபிடிக்கிறன், அப்பா" என்று வாங்கிய நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். அதற்குள் மோட்டர்வே விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். அந்த ஒரு வேலையையாவது பிள்ளைக்காக நான் முடிக்கவேண்டும். மவுண்ட் வெல்லிங்டனில் ஹரி பிரசாத் என்று பழைய வாள்களை அறிந்த ஒருவர் இருக்கிறார். கைபிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதியில்தான் செய்தவனின் பெயர் வெட்டியிருக்குமாம். கைபிடியைப் பூட்டியிருக்கும் சின்ன மூங்கில் ஆணியைத் தட்டிக் கழற்றி, படம் எடுத்து அனுப்பு. அலகை வெறுங்கையால் தொடாதே, வியர்வை பட்டால் கறை பிடிக்கும். மெல்லிய துணியால் துடைத்துக் கொஞ்சம் எண்ணெய் பூசிவிடு.

மகேசன்

*

பாபடோயிட்டோய்
02.10.2025

கௌசியின் அப்பாவுக்கு,

கால் பரவாயில்லை. நீங்கள் கேட்டதே பெரிய காரியம்.

ஆணியைக் கழற்றினேன். அலகு கண்ணாடி மாதிரி இருக்க, கைபிடிக்குள் இருந்த பகுதி ஒரே கறுப்புத் துரு. பிள்ளையின் சாமானை இந்தக் கோலத்தில் பிறத்தியாருக்குக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆண்டுத்திவசம் முடிந்து வந்த முதல் சரஸ்வதி பூசை வேறு. பழப்புளி போட்டு, குசினிக் கம்பிப்பஞ்சால் தேய்த்துத் தேய்த்துக் கை கொப்பளித்துவிட்டது. இப்போது குத்துவிளக்கு மாதிரி மின்னுகிறது. அவனுடைய லப்டொப்புக்குப் பக்கத்தில் வைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டேன். படம் இதோடு இருக்கிறது.

வாளை நீங்களே வந்து எடுங்கோ. அவலும் கடலையும் உங்களுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.

சரோ

*

வெஸ்ட்கேட்
09.10.2025

சரோஜாதேவிக்கு,

படத்தை ஹரி பிரசாத்துக்குக் காட்டினேன். அந்தத் துருவைப் பார்த்துத்தான் வாளின் வயதைச் சொல்வார்களாம். அதை ஒருவரும் தொடுவதே இல்லையாம். வெட்டியிருந்த பெயர் ஏற்கெனவே தேய்ந்திருக்கவேண்டும், மிச்சத்தை உன் கம்பிப்பஞ்சு எடுத்துவிட்டது. செய்தவன் யாரென்று இனி யாராலும் சொல்லமுடியாது.

உன்னால் எதையும் இருந்தபடி விடமுடியாது. பிள்ளையின் மணம் இருந்த ஒரே ஒரு சட்டை. அதையும் தோய்த்துக் கொடியில் போட்டாய். அன்றைக்கு ஏன் வீட்டைவிட்டு வெளிக்கிட்டேன் என்று இப்போதாவது உனக்கு விளங்கட்டும்.

நான் வரவில்லை.

மகேசன்

*

பாபடோயிட்டோய்
16.10.2025

கௌசியின் அப்பாவுக்கு,

வாள் விஷயத்தில் பிழை என்னுடையதுதான். தேய்க்கவேண்டாம் என்று ஒரு வரி நீங்களும் எழுதியிருக்கலாம். வாளைத் திரும்பக் கைபிடிக்குள் செருகி, எண்ணெய் பூசி, அலுமாரியில் வைத்துவிட்டேன். அதை நினைத்து நினைத்து அழுகிறேன்.

சட்டைக்கு அழமாட்டேன். ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகமுன் அதை முகத்தில் வைத்துக்கொண்டு நிற்பீர்கள். நீங்கள் போனபிறகு நானும் வைத்துப் பார்ப்பேன். அந்தக் கிழமை அதில் உங்கள் சவரச் சோப்பு மணம்தான் இருந்தது. பிள்ளையின் மணம் இல்லை.

அது உங்களுக்குத் தெரியவருமுன் தோய்த்துவிட்டேன். என்னைக் கோபிப்பது உங்களுக்கு அதைவிடச் சுகமாக இருக்கும் என்று நினைத்தேன்.

சரோ