நாய்க்குப் போன என் சாப்பாடு

டன்லோ, சஸ்காச்சுவான்
செப்டம்பர் 28, ஞாயிறு

அன்பு மகள் லரீசாவுக்கு, அம்மா எழுதுவது. கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை, வெளியே வந்தால் ஹாலிஃபாக்ஸின் ஈரக்காற்று, இரண்டையும் தாங்கிக்கொண்டு நீ திடமாக இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எட்டு மாதமாகப் போனில் சொல்லி வந்தேனே, அதில் உன் அப்பா சுகம் என்பது நிஜம், நம் நாய் டியூக் சுகம் என்பது நிஜத்துக்கும் மேல், நான் சுகம் என்பது மட்டும் பொய். உன் குரலைக் கேட்டதும் எனக்குப் பொய் சரளமாக வந்துவிடுகிறது, அதனால்தான் பேனாவை எடுத்தேன். பதறாதே, ஆபத்து இல்லை. ஆனால் கடைசியில் உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன், அதை நீ செய்தே ஆக வேண்டும்.

ஜனவரியில் ஆரம்பித்தது. நாலு வாய் சாப்பிட்டால் கல்யாண விருந்து சாப்பிட்டது போல் வயிறு முட்டிக்கொள்ளும், சாயங்காலத்துக்குள் உப்பிப்போய் பேன்ட் பொத்தான் போட முடியாது, பசி என்று ஒன்று இருந்ததே மறந்துபோயிற்று. முகம் ஒட்டிக்கொண்டே போனது, வயிறு மட்டும் எனக்கு முன்னால் நடந்தது. தேவாலயக் கூடத்தில் கோதுமை மாவில் பெரோகிக் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்துப் பண்ணை ஐரீன், என்னடி வெர்னா, அறுபது வயசுல தொட்டில் வாங்கணுமா, உன் புருஷன் ஓரெஸ்ட்கிட்ட சொல்லிட்டியா என்று கேட்டாள், எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன், வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உன் பெரியம்மா ஸ்டெல்லாவுக்கும் இப்படித்தானே தொடங்கியது, வயிறு உப்பி, பசி செத்து, கடைசியில் சினைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தபோது ஒன்றும் செய்வதற்கில்லை. டாக்டரிடம் போனால் அந்தப் பேரைத்தான் சொல்வார் என்று பயந்து, பூனை கண்ணை மூடிக்கொண்ட கதையாக நாளைக் கடத்தினேன். நம் வீட்டு வைத்தியம் உனக்குத் தெரியும், வயிறு சரியில்லை என்றால் வெண்ணெய் தடவாத டோஸ்ட், உப்பு பிஸ்கட், இஞ்சி சோடா. அதுவும் நம் வயல் கோதுமையில் நானே சுட்ட ரொட்டி, மூன்று வேளையும் அதுதான். மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் சுருள் எல்லாம் மேசைக்கு அடியில் டியூக்குக்குப் போயிற்று. விதைப்பு நாட்களில் வண்டியின் பின்பலகையில் பாத்திரங்களைப் பரப்பி ஆறு பேருக்குப் பரிமாறினேன், சமைத்தவள் சாப்பிட்டாளா என்று யாரும் பார்க்கவில்லை, நானும் காட்டிக்கொள்ளவில்லை.

ஜூனில் டியூக்குக்குத் தடுப்பூசி போட நோரீனிடம் கூட்டிப்போனேன், நம் கன்றுகளைப் பார்க்க வருவாளே அதே மாட்டு டாக்டர் நோரீன். அவனை எடைமேடையில் ஏற்றியவள், அஞ்சு கிலோ ஏறியிருக்கான், எந்தப் புண்ணியவதி இவனுக்கு இப்படிக் கொட்டுறது என்றாள். நான் சுவரில் இருந்த பசுமாட்டுப் படத்தைப் பார்த்தேன். மறுபடி கேட்டதும், நான்தான், என் சாப்பாட்டைப் போடுறேன் என்றேன். அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, அப்போ நீங்க என்னத்தைச் சாப்பிடுறீங்க வெர்னா என்று கேட்டாள். கிட்ட வந்து என் கீழிமையை இழுத்துப் பார்த்து, ரத்தமே இல்லையே, இதே மாதிரி ஒரு மாட்டைப் பார்த்திருந்தா அன்னிக்கே ஓட்டிட்டு வந்திருப்பீங்கல்ல என்று திட்டினாள், திட்டிக்கொண்டே ஊர் மருத்துவமனைக்குப் போன் போட்டு எனக்கு நாள் வாங்கிவிட்டாள். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது, ஆனால் அவள் மட்டும் கேட்காமல் இருந்தால் இன்னும் டோஸ்ட் தின்றுகொண்டிருப்பேன்.

ஸ்டெல்லா கதையைச் சொன்னதும் டாக்டர் முதலில் சினைப்பையைத்தான் ஸ்கேன் பார்க்கச் சொன்னார். ஒன்றும் இல்லை. அதற்கு நான் அழுத அழுகையைப் பார்த்து ஒரு நர்ஸ் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். பிறகு ரத்தம் எடுத்தார்கள், ஆகஸ்டில் தொண்டை வழியாகக் குழாய் விட்டுக் குடலில் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். சீலியாக் என்று பெயர். கோதுமை, பார்லி, ரை தானியம் எல்லாவற்றிலும் இருக்கிற குளூட்டன் என்ற சத்து என் குடலுக்கு ஆகாதாம், உள்சுவரே தேய்ந்துபோயிருக்கிறதாம், அதனால்தான் உப்புசம், பசியின்மை, ரத்தக்குறைவு எல்லாம். வயித்தை ஆத்தறதுக்கு டோஸ்ட்டா சாப்பிட்டீங்க என்று கேட்டு டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். உன் அப்பாவுக்குத்தான் தாங்கவில்லை. மூன்று தலைமுறையாகக் கோதுமை போடுகிற குடும்பம் அல்லவா, நம்ம கோதுமையா, கிடங்குக்காரன் முதல் தரம்னு சீட்டு எழுதிக் குடுத்தானே என்று, அவருடைய அம்மாவை நான் பழி சொன்னது போல் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் எனக்கென்று தனி வாணலியும் தனி வெட்டுப்பலகையும் வாங்கி வந்து, பழையதில் எதிலும் கை வைக்காதே என்றார். இப்போது அறுவடைத் தூசியோடு உள்ளே வராமல் முன்னறையிலேயே சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளாடையோடு நடக்கிறார், அவ்வளவு தேவையில்லை என்று டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. போன வாரம் ஐரீன், ஒரே ஒரு பெரோகி தின்னா செத்தா போயிடுவே என்றாள். சாகமாட்டேன், ஆனா ஒரு வாரம் உயிரோட இருக்கிற மாதிரியும் இருக்காது, எடுத்துட்டுப் போடி என்றேன். இனி இந்த விஷயத்தில் யாருக்காகவும் வளைந்து கொடுக்கப் போவதில்லை.

இப்போது உன் விஷயம். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வயிறு கல் மாதிரி ஆகிடுதும்மா, சாப்பாட்டைப் பார்த்தாலே பிடிக்கலை, வேலை அலுப்புதான் என்று போன மாதம் சொன்னாய். நான் என்ன சொன்னேன், வெறும் டோஸ்ட் சாப்பிடு என்றேன். சீலியாக் என்று தெரிந்த பிறகும், பழக்கதோஷத்தில் என் வாய் அதைத்தான் சொன்னது, போனை வைத்த பிறகு தூக்கிவாரிப்போட்டது. அந்தப் புத்திமதியை வாபஸ் வாங்கத்தான் இத்தனை பக்கம். இது ரத்தவழியில் வரக்கூடியது, பெற்ற பிள்ளைகளும் பரிசோதிக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனால் ஒன்று, கடிதத்தைப் படித்ததும் ரொட்டியைத் தூக்கி எறிந்துவிடாதே, கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் பரிசோதனையில் தெரியும், நிறுத்திவிட்டால் இருப்பதும் மறைந்துவிடும். உனக்கு இது இல்லாமலும் இருக்கலாம். பத்து நிமிட இடைவேளையில் நின்றுகொண்டே விழுங்குகிறாய், மேலே சோடாவை ஊற்றுகிறாய், வயிறு உப்பாமல் என்ன செய்யும். உட்கார்ந்து மென்று தின்னு, என்ன சாப்பிட்டாய், எப்போது உப்பியது என்று ஒரு நோட்டில் எழுது, அதைக் கையோடு டாக்டரிடம் கொண்டு போ. வாரக்கணக்கில் விடாமல் உப்பினால், எடை இறங்கினால், அது அலுப்பு இல்லை. பெரியம்மாவின் நோயையும் மறைக்காமல் சொல். பயந்து பயந்து நான் வீணாக்கிய ஆறு மாதத்தை நீயும் வீணாக்கினால் நான் ஹாலிஃபாக்ஸுக்கே வந்து உன்னைக் காதைப் பிடித்து இழுத்துப் போவேன், உன் சக வெல்டர்கள் பார்த்தாலும் கவலையில்லை.

குடல் ஆற மாதக்கணக்காகும் என்கிறார்கள். ஆனால் இன்று மத்தியானம் கோழியும் உருளைக்கிழங்கும் வேகும்போதே எனக்கு வாயில் எச்சில் ஊறியது. தட்டில் போட்டதெல்லாம் சாப்பிட்டேன், மறுபடியும் போட்டுக்கொண்டேன். டியூக் வழக்கம்போல் என் காலில் தாடையை வைத்துக்கொண்டு கடைசி வரை காத்திருந்தான். குனிந்து வெறும் தட்டைக் காட்டினேன். உன் அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அந்தத் தட்டையே பார்த்தார், பிறகு நாயிடம், உன் காலம் முடிஞ்சுதுடா என்றார்.

கடவுள் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும், உன் அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார். கடிதம் கிடைத்த ஒரு வாரத்துக்குள் பரிசோதனைக்கு ரத்தம் கொடு, கொடுத்த அன்றே போன் செய். இந்தத் தடவை நான் பொய் சொல்லமாட்டேன், நீயும் சொல்லாதே.

இப்படிக்கு,
இன்னும் பசியோடிருக்கும் உன் அம்மா,
வெர்னா