ஸ்குரூ டப்பாவில் பதினெட்டு மாத்திரை

செவ்வாய், இரவு

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

இங்கு அனைவரும் நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் அடித்துவிட்டேன். நீங்கள் நலமா?

போனில் பேசினால் ஆகாதா என்று கேட்பீர்கள். உங்கள் தங்கை போன் ரிப்பேர் செய்கிறவள். அவள் கண்ணில் படாமல் எங்கள் வீட்டில் ஒரு போனையும் தொட முடியாது. அழித்த செய்தியைக்கூடத் தோண்டி எடுத்துவிடுவாள். அதனால் கணக்கு நோட்டின் நடுத்தாளைக் கிழித்து, குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். குழாயைக் கொஞ்சம் திறந்து விட்டிருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சிறுநீரகத்தை அம்மாவுக்கு வைத்துப் பதினோரு மாதம் ஆகிறது. நன்றாகத்தான் இருந்தோம் பெரியம்மா. டயாலிசிஸுக்குப் போன காலத்தில் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியவள், கடையை மறுபடி திறந்தாள். காலை எட்டு, இரவு எட்டு, மாத்திரை தவறியதே இல்லை. தினமும் காலையில் எடை, ரத்த அழுத்தம், காய்ச்சல் மூன்றையும் பார்த்து நீல நோட்டில் எழுதுவது என் வேலை. ஆஸ்பத்திரி நர்ஸம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இப்படி எழுதுகிற பிள்ளை வீட்டில் இருந்தால் கிட்னி எங்கே போய்விடும் என்றார். ஒரு வாரம் அதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கிட்னிக்குப் போடும் அந்த மாத்திரையால் அம்மாவுக்குக் கை நடுங்கும். அரிசி முனை அளவு ஸ்குரூவை லென்ஸில் பார்த்து எடுக்கிற கை. போன மாதம் பற்றவைக்கும் சூடுகோல் வழுக்கி ஒருவருடைய போனின் உள்பலகை கருகிவிட்டது. அவர் போனை வாங்கிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார். அம்மா சிரித்துக்கொண்டே, என் கை நல்லா ஆடுது, மேடை போட்டு டிக்கெட் விக்கலாம் என்றாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை ஸ்குரூ டப்பாவை எடுத்து வரச் சொன்னாள். குட்டிக் குட்டி அறைகள் உள்ள டப்பா. தவறான மூடியைத் திறந்துவிட்டேன். உள்ளே மாத்திரைகள். எண்ணினேன், பதினெட்டு. காலைக்கு இரண்டு என்றால் ஒன்பது காலை. என் கண் முன்னால் தண்ணீரைக் குடித்துவிட்டு, மாத்திரையை உள்ளங்கையிலேயே வைத்திருந்திருக்கிறாள். இரவு மாத்திரை மட்டும் போட்டால் பகலில் கை ஆடாமல் நிற்கிறதாம்.

நான் அழுதேன். அம்மா அழவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இது அக்கா கிட்னிடி. அவ எந்தக் காலத்துல என்கூடச் சண்டை போட்டிருக்கா? பென்சில்லேருந்து கட்டில் வரைக்கும் எல்லாத்தையும் எனக்கு விட்டுக்கொடுத்தவ. அவ கிட்னியும் அப்படித்தான் இருக்கும். மத்தவங்களுக்குத்தான் இவ்வளவு மாத்திரை வேணும்."

யாரிடமும் சொல்லக்கூடாது என்று தன் தலையில் அடிக்க வைத்துச் சத்தியம் வாங்கினாள். அப்பா லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். அவரிடம் சொன்னால் தூங்காமல் வண்டி ஓட்டிக்கொண்டு வருவார். அந்தப் பயம் வேறு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை எடை ஏறியிருந்தது, உடம்பில் நீர் கோத்தால் அப்படி ஏறும். ஐம்பத்து நாலுன்னே போடு, நேத்து உப்பு கூடிப்போச்சு என்றாள். போட்டேன். ஞாயிறு, திங்கள், இன்று, எல்லாம் ஐம்பத்து நாலுதான். என் கையெழுத்தில்தான் இருக்கிறது. கதவைத் தட்டுகிறாள்.

வியாழன், இரவு

பெரியம்மா, அந்தத் தாளைத் தபாலில் போடவில்லை. உங்கள் ஊருக்குக் கடிதம் வரப் பத்து நாளாகும் என்று அதற்குப் பிறகுதான் உறைத்தது.

நேற்றுக் காலை எடை ஐம்பத்தேழரை. அம்மாவின் கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. சிறுநீரும் சரியாகப் போகவில்லை. நான் நீல நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். முதல் இரண்டு பாடவேளையும் எழுவதும் உட்காருவதுமாக இருந்தேன். ஆசிரியை வெளியே அழைத்து, என்னம்மா, எறும்பு கடிக்குதா என்று கேட்டார். அலுவலக போனில் ஒரே ஒரு அழைப்பு பேசிக்கொள்கிறேன் என்றேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் நர்ஸம்மாவின் எண் இருந்தது. சத்தியம் போனது.

அவர் திட்டவில்லை. அம்மாவிடம் நானே பேசிக்கொள்கிறேன், ஒன்று விடாமல் எல்லா மாத்திரையையும் எடுத்துவரச் சொல்கிறேன் என்றார். ஒரு மணி நேரத்தில் அம்மா ஆட்டோவில் பள்ளி வாசலுக்கு வந்துவிட்டாள். ஏறு என்றாள். வண்டி ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பியது. அவள் மடியில் ஸ்குரூ டப்பா இருந்தது.

டாக்டர் நோட்டைப் புரட்டி, சனிக்கிழமையிலிருந்து எடை சரியாகத்தானே இருக்கிறது என்றார். அந்த நாலு நாளும் பொய், நான்தான் எழுதினேன் என்று சொல்லிவிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டிருக்கிறது. பேனாவை எடுத்து அந்த நாலு வரியையும் அடித்தார்.

அம்மா உங்கள் கதையை அவரிடமும் சொன்னாள், நீங்கள் சண்டையே போடாதவர் என்று. டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் கட்டில் அருகில் உட்கார்ந்தார். "உங்க அக்கா கிட்னி உங்களை ஒண்ணும் செய்யலைம்மா. உங்க உடம்புதான் அதைப் போட்டு அடிக்குது. மாத்திரைதான் நடுவுல நின்னு தடுத்துக்கிட்டு இருந்துச்சு."

கை நடுங்குவதை அன்றைக்கே சொல்லியிருந்தால் அளவைக் குறைத்துப் பார்த்திருக்கலாம், இல்லையென்றால் வேறு வகைக்கு மாற்றியிருக்கலாம், அதற்குத்தானே நாங்கள் இருக்கிறோம் என்று அவர் சொன்னபோது அம்மா தன் கையைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டாள்.

ஊசியால் குத்திக் கிட்னியிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். உடம்பு அதை எதிர்க்கத் தொடங்கிவிட்டதாம். மூன்று நாள் நரம்பு வழியாக மருந்து ஏற்றுகிறார்கள். ரத்தத்தில் கிரியாட்டினின் என்று ஒன்று பார்க்கிறார்கள். அது இறங்கினால் கிட்னி பிழைத்தது. நேற்றையதும் இன்றையதும் ஒரே எண். இறங்கவில்லை, ஏறவும் இல்லை. திங்கட்கிழமை தெரியும் என்கிறார்கள். அப்பாவுக்கு நர்ஸம்மாவே சொல்லிவிட்டார், பதறாமல் வரச் சொல்லி.

அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். சாயங்காலம் ஒரே ஒரு முறை, என்னிடம் இல்லை, தனக்குத்தானே, "அக்கா மூஞ்சில எப்படி முழிப்பேன்" என்றாள். அக்காவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று நர்ஸம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். சொல்ல மாட்டாள், எனக்குத் தெரியும். போனில் என்றால் நான் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரி வராந்தா விளக்கை அணைக்கப் போகிறார்கள், சீக்கிரம் முடிக்கிறேன்.

இது உங்கள் கைக்கு வருவதற்குள் திங்கட்கிழமை போயிருக்கும். என்ன ஆனாலும் அம்மாவோடு பேசுங்கள். திட்டுவதென்றால் திட்டிவிட்டுப் பேசுங்கள். பரவாயில்லை விடு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். என்னையும் திட்டலாம்.

நீங்கள் கடைசியாக டாக்டரைப் பார்த்தது எப்போது? வருடத்துக்கு ஒரு முறை நீங்களும் பரிசோதனைக்குப் போக வேண்டுமாமே, நர்ஸம்மா சொன்னார். தலைவலிக்குக் கடையில் நீங்களாக மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். உப்பைக் குறையுங்கள். வேலை வேலை என்று சிறுநீரை அடக்கிக்கொண்டு நிற்காதீர்கள். இப்போது உங்களிடம் இருப்பது ஒன்றுதான் பெரியம்மா. அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். யார் கேட்டாலும், நாங்களே கேட்டாலும்.

பணிந்து வேண்டும் உங்கள் மகள்,
குருவி