நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடும் பம்பு

குவார்ட்ஸைட், அரிசோனா
அக்டோபர் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

மார்லா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். முதலிலேயே எழுதினால் பாதியில் மடித்து வைத்துவிடுவீர்கள்.

உங்கள் போனுக்கு இருபத்தாறு செய்தி அனுப்பிவிட்டேன். ஒன்றைக்கூட நீங்கள் பார்த்ததாகக் குறி விழவில்லை. கடைசியில் மொன்டானாவில் உங்கள் சர்க்கரை பீட் கிழங்கு அறுவடை மேஸ்திரி நம்பரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். அறுவடை பதினான்காம் தேதியே முடிந்துவிட்டதாம். "எல்லாரும் கெளம்பிட்டாங்கம்மா. உங்கப்பா மட்டும் இங்கயே வண்டிக்குள்ள படுத்துக் கெடக்காரு. சனிக்கெழமையானா போஸ்ட் ஆபீஸ் பக்கம் பாப்பேன்" என்றார். போஸ்ட் ஆபீஸில் பெயர் சொல்லிக் கேட்டால் கடிதத்தை எடுத்துக் கொடுப்பார்களாமே, அந்த நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன். வாழ்க்கையில் நான் ஒட்டும் முதல் ஸ்டாம்பு. எந்த மூலையில் ஒட்டுவது என்று அம்மாவைக் கேட்டேன். "இருபத்தியோரு வயசு, உலகத்தையே கைக்குள்ள வெச்சுத் தேய்க்கிற, இது தெரியலயா?" என்று சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

இப்போது நம் டிரெய்லர் வீட்டுத் தண்ணீர் பம்பு விஷயம். யாராவது குழாயைத் திறந்தால்தான் அது ஓடும், மூடினால் நிற்கும், இல்லையா? நீங்கள் கிளம்பிப் போன வாரத்திலிருந்து யாரும் எதையும் திறக்காமலேயே தானாக ஓடுகிறது. டர்ர்ர் என்று ரெண்டு நொடி. அப்புறம் நிறுத்தம். அப்புறம் மறுபடியும் டர்ர்ர். போனில் நேரம் வைத்துப் பார்த்தேன். நாலு நிமிஷம் பத்து நொடிக்கு ஒரு தடவை, இரவும் பகலும். பம்பு இருப்பது அம்மாவின் கட்டிலுக்கு நேர் கீழே. அவள் முதுகுக்கு அடியில் யாரோ பல்லைக் கடிப்பதுபோல இருக்கிறது.

நான் சும்மா இருப்பேனா? மீசைக்காரரின் வீடியோக்களை எல்லாம் பார்த்தேன். அவர்தான் அப்பா, டிரெய்லர் ரிப்பேர் வீடியோ போடுகிறவர், அந்த மீசையில் ரெண்டு அணில் குடியிருக்கலாம். நான் அவருடைய பரம விசிறி! அவர் கணக்குப்படி காரணம் ரெண்டில் ஒன்று. குழாயில் எங்கோ தண்ணீர் வெளியே கசிகிறது. அல்லது பம்புக்குள் இருக்கும் வால்வு தேய்ந்து, தள்ளிய தண்ணீர் டேங்குக்கே திரும்பி வருகிறது. எப்படியோ அழுத்தம் குறைகிறது, பம்பு விழித்துக்கொள்கிறது.

கசிவைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு இணைப்புக்கு அடியிலும் ஒரு டிஷ்யூ காகிதம் வைத்தேன். சமையல் தொட்டி, கை கழுவும் தொட்டி, கக்கூஸ், வெந்நீர் டேங்க், எல்லாவற்றுக்கும். மறுநாள் எடுத்துப் பார்த்தால் எல்லாம் அப்பளம் மாதிரி காய்ந்திருக்கிறது. அப்படியானால் பம்புதான் என்று முடிவு கட்டி, பழைய சாமான் சந்தையில் ஒரு பம்பு வாங்கி வந்து, தரையில் படுத்து, முழங்கையைக் கிழித்துக்கொண்டு, நானே மாட்டினேன்! சுவிட்சைப் போட்டேன். என்ன ஒரு அமைதி. ரெண்டு கையையும் தூக்கி ஆடினேன். நாலு நிமிஷம் பத்து நொடி. டர்ர்ர்.

பக்கத்து டிரெய்லர் பெர்னடின் ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டிய தொண்டை அது, தெருவுக்கே கேட்கும். "ஏண்டி, ஜுரம் யாருக்குன்னு பாக்காம கெடைச்சவனுக்கு ஊசி போட்டுட்டியா?" என்றாள். டிரெய்லர்களை நிறுத்தும் நம் லாட்டில் குழாய் வசதி இல்லாததால் அவள்தான் தன் வண்டியில் நமக்கும் தண்ணீர் பிடித்து வருகிறாள். பத்து நாளைக்கு வரும் டேங்க் இப்போது ஆறு நாளில் தீர்ந்துவிடுகிறது. உங்கள் வண்டி இருந்தால் நானே போய்வருவேன்.

கிளம்புவதற்கு முன்னால் நீங்கள் எதையாவது திருகினீர்களா, கழற்றினீர்களா? அதைச் சொல்லவாவது பேசுங்கள்.

அம்மா. ரெண்டு ஸ்பூன் பீச் பழம் உள்ளே போகிறது. பம்பு ஓடும்போதெல்லாம், நீங்கள்தான் குழாயைத் திறந்தீர்கள் என்பதுபோல, கண்ணை மூடிக்கொண்டே, "வெர்ன், கை கழுவிட்டு எனக்கும் ஒரு டம்ளர் கொண்டா" என்கிறாள். பார்க்கர் ஊரிலிருந்து அம்மாவைப் பார்க்க வரும் நர்ஸிடம் சொன்னேன். மருந்து அப்படிப் பேச வைக்கும் என்றார். மாதக் கணக்கில் பேசிக்கொண்டிருந்த அந்த நர்ஸ் இப்போது வாரக் கணக்கில் பேசுகிறார், அப்பா.

வந்துவிடுங்கள்.

உங்கள் மகள்,
மார்லா


குவார்ட்ஸைட்
நவம்பர் 1

அன்புள்ள அப்பாவுக்கு,

என் முதல் கடிதம் உங்கள் சட்டைப் பையில் இருக்கிறதாமே. "வாங்கி வெச்சிருக்காரும்மா, பிரிக்கல. அப்பப்போ தொட்டுப் பாத்துக்குறாரு" என்றார் மேஸ்திரி. பிரிக்காத ஆளுக்கு ரெண்டாவது கடிதம் எழுதுகிற முட்டாள் நான்தான். எழுதுகிறேன்.

கண்டுபிடித்துவிட்டேன்! நான் இல்லை, தேனீக்கள் கண்டுபிடித்தன. செவ்வாய்க்கிழமை டிரெய்லரின் பின்பக்கம் போனேன். கருவேல மரத்தை ஒட்டிய பக்கம், யாரும் போகாத பக்கம். அங்கே சுவரில் இருக்கிற சின்னக் கதவின் இடுக்கில் ஐம்பது அறுபது தேனீ போவதும் வருவதுமாக இருந்தது. கூடு கட்டிவிட்டது என்று அலறிக்கொண்டு ஓடினேன். பெர்னடின் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து, இடுப்பில் கை வைத்து ஒரு நிமிஷம் பார்த்தாள். "கூடு இல்ல பொண்ணே. இந்த ஊர்ல தேனீ எங்க நிக்குதோ அங்க தண்ணி இருக்கு" என்றாள்.

கதவைத் திறந்தேன். வெளியே குளிக்கிற கைக்குழாய். அதில் ரெண்டு திருகும் முழுசாகத் திறந்தே இருந்தன. கைப்பிடியில் இருக்கும் பொத்தான் மட்டும் அழுத்தி மூடியிருந்தது. பொத்தான் எத்தனை நாள் தாங்கும்? துளித் துளியாக விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. விழுந்த துளியை இந்த மண்ணும் வெயிலும் அப்போதைக்கு அப்போதே குடித்துவிடும், அதனால் ஈரத்தின் அடையாளமே இல்லை. மீசைக்காரர் முப்பத்தெட்டாவது வீடியோவில் இதைத் தனியாகவே சொல்லியிருக்கிறார். நான் தள்ளிவிட்டுப் பார்த்த ஒரே வீடியோ அது.

கைப்பிடியில் உங்கள் பூட்ஸ் மண் காய்ந்து ஒட்டியிருந்தது அப்பா. கிளம்பின அன்று காலையில் பூட்ஸ் கழுவியிருக்கிறீர்கள். சோப்புப் போடும்போது தண்ணீர் வீணாகக் கூடாது என்று இங்கே எல்லோரும் செய்வதுதான், கட்டைவிரலால் பொத்தானை அமுக்கி நிறுத்துவது. அப்படியே திருகை மூட மறந்து போய்விட்டீர்கள். சிக்கனமான மனுஷன் ஒரு டேங்க் தண்ணீரைக் கொட்டியிருக்கிறீர்கள்.

ரெண்டு திருகையும் மூடினேன். உள்ளே வந்து உட்கார்ந்தேன். நாலு நிமிஷம். எட்டு நிமிஷம். இருபது. சத்தமே இல்லை. அம்மா இனி நிம்மதியாகத் தூங்குவாள் என்று நினைத்தேன். அவள் கண்ணைத் திறந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க அது?" என்றாள். சரி பண்ணிவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று பீச் வேண்டாம் என்றுவிட்டாள். மறுநாளும் வேண்டாம் என்றாள்.

புதன்கிழமை சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். "மார்லா, அது உங்கப்பா இல்லன்னு எனக்குத் தெரியும்டி. மருந்துல ஒளர்றேன்னு அந்த நர்ஸ் சொன்னதும் காதுல விழுந்துச்சு. ஒளறல. பேச ஒரு சாக்கு வேணும்ல. நீ எதச் சொன்னாலும் அழுவுற. அது அழாது, நாலு நிமிஷத்துக்கு ஒருக்க 'உம்' கொட்டும். போய்த் தொற" என்றாள்.

போய்த் திறந்தேன். ஒரு கால் திருகு மட்டும். பெர்னடினிடம் போய், தண்ணீர் இனிமேலும் ஆறு நாளைக்குத்தான் வரும், காரணம் இது என்று சொன்னேன். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். "எங்க பஸ்ல ஒருத்தன் இருந்தான், ஜன்னல்கிட்டதான் பேசுவான்" என்று மட்டும் சொல்லிவிட்டு சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அன்றிலிருந்து அம்மா அதனிடம் என்னென்னவோ சொல்கிறாள். நான் பாத்திரம் கழுவுகிற மாதிரி நின்று கேட்பேன். ஒருநாள் உங்களைக் கழுவிக் கழுவி ஊற்றினாள். "பயந்தாங்கொள்ளி! உங்கப்பன் சாகக் கெடந்தப்பவும் இப்படித்தான் மீன் பிடிக்கப் போறேன்னு ஓடுன. ஒரு மீனாவது கொண்டாந்தியா?" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "வா வெர்ன், ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா பக்கத்துல உக்காரு, போதும்" என்றாள். இதை உங்களிடம் சொல்லச் சொல்லவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன். ஏனென்றால் பம்பால் ஸ்டாம்பு ஒட்ட முடியாது.

நர்ஸ் இப்போது தினமும் வருகிறார். நாளை என்ற வார்த்தையை அவர் சொல்வதில்லை. தயவுசெய்து இந்தக் கடிதத்தையாவது பிரியுங்கள். பிரித்த இடத்திலிருந்தே கிளம்புங்கள். ராத்திரி பகல் பார்க்காதீர்கள்.

மார்லா


குவார்ட்ஸைட்
நவம்பர் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று மேஸ்திரியே கூப்பிட்டார். நீங்கள் ரெண்டு கடிதத்தையும் ஒரே மூச்சில் படித்தீர்களாம். வண்டியின் படியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தீர்களாம். அப்புறம் எழுந்து டயருக்குக் காற்று அடிக்க ஆரம்பித்துவிட்டீர்களாம். "வழியில ட்வின் ஃபால்ஸ் ஊர்ல பிரேக் மாத்த ரெண்டு நாள் நிக்கணுமாம். கடுதாசி ஏதாச்சும் இருந்தா அங்க போஸ்ட் ஆபீஸ்ல கேட்டு வாங்கிக்குறேன்னாரு" என்றார். என்னிடம் வேறு ஏதோ கேட்க வந்தார், நான் பதில் சொன்னேன். அதை உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சரி என்றார். நல்ல மனுஷர்.

அதனால் இதை ட்வின் ஃபால்ஸுக்கு எழுதுகிறேன்.

அம்மாவுக்கு இப்போது வலி எதுவும் இல்லை. வியாழக்கிழமை காலையிலிருந்து இல்லை. நானும் பெர்னடினும் பக்கத்தில்தான் இருந்தோம். நர்ஸ் வந்து மருந்துப் புட்டிகளை எல்லாம் எண்ணி எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது என்னைக் கட்டிப்பிடித்தார். அதுவரை ஒரு தடவையும் கட்டிப்பிடித்ததில்லை. போர்வைகளைத் துவைத்துக் காயப் போட்டேன். இங்கே வெயிலுக்கு ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டன. மடித்து வைக்க மனசு வரவில்லை, இன்னும் கொடியில்தான் கிடக்கின்றன.

லாட்டில் எல்லோரும் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒன்பது பாத்திரம், எல்லாவற்றிலும் ஏறக்குறைய அதே நூடுல்ஸ், அதே சீஸ். அடியில் அவரவர் பெயர் எழுதி டேப் ஒட்டியிருக்கிறது, கழுவித் திருப்பித் தர வேண்டும். பெர்னடின் மட்டும் எதுவும் சமைக்கவில்லை. "எனக்குச் சமைக்க வராது, தெரியும்ல" என்று தண்ணீர்தான் கொண்டுவந்து ஊற்றினாள், டேங்க் நிறைய. ஊற்றிவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். பம்பு ஓடியது. மறுபடியும் ஓடியது. "மூடட்டுமா?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். அவளே பின்பக்கம் போய் மூடிவிட்டு, உள்ளே வராமல் அப்படியே தன் டிரெய்லருக்குப் போய்விட்டாள்.

அப்பா, போன கடிதத்தில் ராத்திரி பகல் பார்க்காமல் வரச் சொல்லியிருந்தேன். அதை விட்டுவிடுங்கள். பகலில் மட்டும் ஓட்டுங்கள். பிரேக்கை அவசரப்படுத்தாமல் ஒழுங்காக மாற்றச் சொல்லுங்கள். நெவாடா பக்கம் மலையில் பனி விழுந்திருக்கிறதாம், எங்காவது நிறுத்தித் தூங்கிவிட்டு வாருங்கள். ஒரு நாள் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை. ரெண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை.

எனக்கு உங்கள் மேல் கோபம் இருக்கிறது. நிறைய இருக்கிறது. வந்ததும் கத்துவேன், அப்புறம் சூடு பண்ணி சாப்பாடு போடுவேன், ஒன்பது பாத்திரத்தையும் நான் ஒருத்தியே தின்ன முடியாது. அம்மாவுக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. கடைசியாகக் கேட்டபோது இல்லை என்றுதான் சொன்னாள்.

ஒரே ஒரு உதவி. வழியில் போனைப் போடாதீர்கள். இத்தனை நாள் பார்க்காத மனுஷன், இன்னும் மூன்று நாள் பார்க்காமல் இருங்கள். அதில் இருப்பதை எல்லாம் இங்கே வந்த பிறகு, நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது படிக்கலாம்.

நீங்களாவது பத்திரமாக வந்து சேருங்கள், அப்பா.

உங்கள் மகள்,
மார்லா