குளத்துக்குச் சொன்ன சேதி

1943 ஜூன் 4, வெள்ளி

முதுகு இரண்டாகப் பிளக்கிறது. கிழமை முழுவதும் படைக்காரருக்குக் காக்கிக் காற்சட்டை தைத்தேன். ஜும்ஆ முடிந்து வந்து கொஞ்சம் சரிந்து படுக்கலாம் என்றால், பிள்ளைகள் இரண்டும் தூண்டில் தடிகளோடு வாசலில் நிற்கின்றன.

நூலைப் பார்த்தேன். கொந்தராத்துக்காரர் தைக்கத் தந்த நூல். மூன்று புரியாக முறுக்கி மெழுகு தடவியிருக்கிறாள் நஸீறா. பத்து வயது. கேட்டால், "அறுந்துபோன துண்டுதான் வாப்பா" என்கிறாள். அத்தனை நீளத் துண்டு என் மெஷினில் ஒருநாளும் அறுந்ததில்லை. ஏசினேன். தலையைக் குனிந்து ஏச்சை வாங்கிக்கொண்டு நூலோடு நடந்துவிட்டாள்.

வயல் வட்டைக்கு நடுவில் உள்ள குளம். வாவி மீன் படை முகாமுக்குப் போய்விடுகிறது. அரிசி கூப்பனுக்குத்தான் கிடைக்கிறது. நமக்கு மரவள்ளிக் கிழங்கும் சேற்று மணத்தோடு இந்தக் குளத்துக் கெளுத்தியும். எனக்கு அது பிடிக்காது. மீன் பிடிக்கிறதும் பிடிக்காது. சின்னவன் முத்தலிப் வாய் மூடாமல் கதைக்கிறான், மீன் எப்படிக் கிட்ட வரும்? இருந்தாலும் குளக்கட்டில் உட்கார்ந்தால் என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அதற்காகப் போகிறேன்.

ஜூன் 7

என் பெண்சாதி றம்லா மௌத்தாகி எட்டு மாதம். இது அவளுக்குச் சீதனமாக வந்த வீடு. கலியாணம் முடித்து வந்த நாள்முதல் அதே ஆணியில்தான் சட்டையைக் கொழுவுகிறேன். இப்போது கொழுவும்போது யாரிடமாவது கேட்க வேண்டும் போல் இருக்கிறது. பெண் போன பிறகு மாப்பிள்ளை அந்த வீட்டில் யார்?

முன்னறையில் நானும் மெஷினும். உள்ளே மாமா, பிள்ளைகளின் மூத்தாப்பா கச்சி முகம்மதுவும் றம்லாவின் தங்கை றமீஸாவும். றமீஸா என் முன்னால் வருவதில்லை, அதுதான் முறை. மாமா மருமகனோடு முகம் பார்த்துப் பேசக் கூச்சப்படுவார், அதுவும் முறை. ஆகவே இந்த வீட்டுப் பேச்செல்லாம் பிள்ளைகளின் வாயால்தான் நடக்கிறது. "வாப்பா, சாச்சி கேக்கா, சோறு போடவா?" "சாச்சி, வாப்பா பொறகு திங்காராம்."

நஸீறாதான் தபால்காரி. முத்தலிப்பை நம்ப முடியாது. வழியில் கோழியைக் கண்டால் சேதி போய்விடும்.

ஜூன் 11, வெள்ளி

பள்ளிவாசல் வாசலில் மீராசாஹிப் சொன்னார்: றமீஸாவுக்குக் காத்தான்குடியில் இருந்து சம்பந்தம் வந்திருக்கிறதாம். நோன்புக்கு முன் முடிக்க வேண்டுமாம். மாமா என்னிடம் மூச்சுவிடவில்லை.

மாப்பிள்ளை வந்து இருக்க ஒரு வீடு வேண்டும். இருப்பதே இந்த ஒன்றுதான். இந்த யுத்தத்தில் இன்னொன்று கட்ட மரத்துக்கு எங்கே போவது? விளங்கிவிட்டது. போகச் சொல்லும் வரைக்கும் இருப்பானேன்? ஓட்டமாவடியில் என் தங்கச்சி இருக்கிறாள்.

குளக்கட்டில் நஸீறா புழு கோத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன்: "மூத்தாப்பாட்டச் சொல்லு மகள். வாப்பா நோம்புக்கு முன்ன ஓட்டமாவடிக்கு, மாமிட வீட்ட போயிருவாரு. புள்ளைகள் இஞ்சயே உம்மாட வீட்டுல இருக்கட்டும்."

தலை நிமிராமல் "ஓம்" என்றாள். நல்ல பிள்ளை, ஒரு கேள்வி கேட்கவில்லை. பிறகு பெரிய கெளுத்தி ஒன்று பிடித்தாள். பாரம் இறங்கியது.

ஜூன் 15

பதில் இல்லை. "மூத்தாப்பா என்ன சொன்னாரு?" என்று கேட்டேன். "ஒண்டும் சொல்லல்ல வாப்பா."

ஒன்றுமா? இத்தனை வருஷம் இந்த வீட்டில் கிடந்தேன். 'இருங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் பல்லா கொட்டிவிடும்? ஆத்திரத்தில் ஒரு காற்சட்டைக்குப் பையைத் தலைகீழாகத் தைத்து, பிரித்து, திரும்பத் தைத்தேன்.

ஜூன் 18, வெள்ளி

மீன் இல்லை. நஸீறா எங்களை விட்டுத் தள்ளிப்போய்த் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஏதோ ஓதுகிறாள் என்று விட்டுவிட்டேன். எழும்பிப்போய்ப் பார்க்கவும் அலுப்பு.

ஜூன் 21

தகரப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினேன். முத்தலிப் அதற்குள் ஏறி உட்கார்ந்து தோணி விட்டான். அவனை இறக்காமல் மெஷினுக்குத் திரும்பினேன்.

ஜூன் 25, வெள்ளி

எழுதாமல் படுத்தால் தூக்கம் வராது.

முத்தலிப்பின் தூண்டிலில் சுங்கான் மீன் பட்டது. "முள் இருக்கு, தொடாத" என்று நான் சொல்லி முடிக்க முன் பிடித்துவிட்டான். உள்ளங்கையில் ஏற்றிவிட்டது. சுங்கான் முள் ஆம்பிளையையே அழவைக்கும், இவன் ஏழு வயதுப் பிள்ளை. தோளில் போட்டுக்கொண்டு வரம்பால் ஓடினேன். பின்னால் நஸீறாவும் அழுதுகொண்டு ஓடிவந்தாள்.

"என்னாலதான் வாப்பா. நான் பொய் சொன்னதுக்கு அல்லாஹ் தம்பிக்குக் குடுத்துட்டான்."

"என்ன பொய்?"

"நீங்க போறீங்க எண்டு மூத்தாப்பாட்டச் சொல்லச் சொன்னீங்க. நான் சொல்லல்ல. குளத்துக்குத்தான் சொன்னன். மூத்தாப்பா உங்களுக்குச் சொல்லச் சொன்னதையும் குளத்துக்குத்தான் சொன்னன்."

"அவரு என்ன சொல்லச் சொன்னாரு?"

"சம்பந்தம் வந்ததால வாப்பா போயிருவாரோ, புள்ளைகளையும் கூட்டிட்டுப் போகப்போறாரோ எண்டு கேளு. போனா, நான் ஆர்ர முகத்தப் பார்த்துட்டு இருக்கிற எண்டும் கேளு எண்டாரு."

கால் நின்றுவிட்டது. தோளில் பிள்ளை கத்துகிறான், நான் வரம்பில் நிற்கிறேன். பிறகு திரும்ப ஓடினேன்.

வீட்டில், சூடு வைத்தால்தான் கடுப்பு இறங்கும் என்று கத்தினேன். றமீஸா அடுப்புத் தணலை அள்ளி என் இஸ்திரிப்பெட்டியில் போட்டு, மடித்த துணியை அதில் சூடாக்கி, உள்ளறைத் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்து, அவன் கையில் ஒற்றினாள். என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"இப்பிடிப் புடிச்சிக்கங்க மச்சான். ஆற விடாதீங்க. நான் மத்தத் துணியச் சுடவைக்கன்."

றம்லா இருந்த நாளிலும் அவள் என்னோடு நேரே பேசியதில்லை. சுவர் ஒன்றும் இடிந்து விழவில்லை.

ஜூன் 26

சின்னவனுக்குக் கை வீக்கம் குறைந்திருக்கிறது. கஞ்சி குடித்தான். சுங்கானின் நீளத்தைக் கேட்கிற எல்லோருக்கும் கூட்டிக்கூட்டிக் காட்டுகிறான்.

எனக்குத்தான் ஆறவில்லை. உன்னை விட்டுப் போகிறேன் என்பதை, விடப்படப்போகிற பிள்ளையின் கையிலேயே கொடுத்து அனுப்பியிருக்கிறேன். புழு கோத்துக்கொண்டே 'ஓம்' என்றாளே. பாரம் இறங்கியது என்று எழுதியும் வைத்திருக்கிறேன். இறங்கின பாரம் எங்கே போனது, மடையா? வெட்கமாக இருக்கிறது. அந்தப் பக்கம் மாமாவும் அதையே செய்திருக்கிறார். முகம் பார்க்கக் கூச்சப்பட்ட இரண்டு பெரிய மனிதருக்கும் அகப்பட்டது அவள்தான்.

ஜூன் 27

அஸர் தொழுதுவிட்டு மாமாவின் பாயில் போய் உட்கார்ந்தேன். இருவரும் பாயைத்தான் பார்த்தோம்.

"மாமா, நான் போக வேணுமா?"

"ஆரு சொன்ன?"

"மாப்பிள்ளைக்கு வீடு வேணுமே."

"உள்ளறைய அவங்களுக்குக் குடுப்பம். அதுக்குச் சம்மதமில்லாட்டி அவன் மாப்பிள்ளையே இல்ல." வெற்றிலையை மடித்து வாயில் போட்டார். "இது றம்லாட வீடு. இனி நஸீறாட. அவட வாப்பாவ வெளிய போகச் சொல்ல நான் ஆரு, மருமகன்? கேக்கிறதெண்டா அவக்கிட்டக் கேளுங்க."

எழும்பும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பினார்.

ஜூலை 9, வெள்ளி

குளத்துக்குப் போகவில்லை. இந்தக் கிழமை இருநூறு காற்சட்டைப் பை தைத்தேன். உடம்பு சாகிறது. காத்தான்குடிக்காரர் உள்ளறைக்குச் சம்மதமாம்.

ஆகஸ்ட் 27, வெள்ளி

கலியாணம் போன கிழமை முடிந்தது. நோன்பு வந்துவிட்டால் குளக்கட்டுக்கு வர உடம்பில் தென்பு இராது என்று இன்று வந்தோம். தண்ணீர் வற்றிச் சேறு தெரிகிறது.

புதுமாப்பிள்ளை என்னைக் கண்டால் சுவரோரம் ஒதுங்குகிறார். காலையில் முத்தலிப்பை அனுப்பியிருந்தார். மெஷின் எத்தனை மணிவரைக்கும் ஓடும் என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம். முத்தலிப் எப்படியோ மறக்காமல், ஆனால் குளக்கட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னான். நஸீறா தூண்டில் மிதப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சாச்சாவயே வந்து கேக்கச் சொல்லு" என்றாள்.

இத்தனை நாளும் நெஞ்சுக்குள் கிடந்ததை அப்போது கேட்டேன்.

"மகள், அது உன்ட வீடாம். மூத்தாப்பா சொன்னாரு. நான் அதுல இருக்கலாமா?"

தடியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

"இருங்க," என்றாள். "ஆனா நூல் எடுத்தா ஏசக்கூடாது."

வீட்டுக்கு வந்து, கொந்தராத்து நூலில் மூன்று புரி எடுத்து நானே முறுக்கி மெழுகு தடவி வைத்திருக்கிறேன்.