அலுமாரிச் செடி

மே 12, திங்கள்

விடியத்தொடக்கம் மழை. லின்ஃபீல்டுக்கு மட்டும் தனியாகப் பெய்கிற மாதிரி. வேலைக்குப் போகவில்லை. முழங்கால் உளைவு.

வீட்டு ஏஜென்றிடமிருந்து ஈமெயில். 23ஆம் திகதி வெள்ளி, மு.ப. 11, இன்ஸ்பெக்ஷன். போன முறை சுவரில் ஈரக்கசிவு கண்டார்களாம், ஆகவே இந்த முறை அலுமாரிகளையும் திறந்து பார்ப்பார்களாம். பார்க்கட்டும். சமையலறைக் குழாய் ஒழுகுவதை எட்டு மாதமாகச் சொல்கிறேன், அதைப் பார்க்க ஒருவரும் வரக் காணோம்.

சின்ன அறை அலுமாரிக்குள் என் மனிசி மனோவின் செடி. கஞ்சாச் செடி. எழுதியாயிற்று. மனோ இல்லாத வீட்டில் இந்தக் கொப்பியைத் திறந்து பார்க்க யார் இருக்கிறார்கள்?

பிடித்தால் வீடு போகும். பதினாலு வருடம் இருந்த வீடு, மனோ கண் மூடிய வீடு. கதை பொலிசுக்குப் போகும். கோயிலுக்கும் போகும். பொலிசைவிட அதுதான் பயம். என்ன மனிசன் நான்.

செய்ய வேண்டியவை:
– செடியை அப்புறப்படுத்த
– அதற்கு முன் கொப்பு வெட்டிப் பாசியில் வைக்க, மனோ செய்த மாதிரி
– மகள் அபிக்கு மூச்சு விடக்கூடாது
– பால், பாண், வெங்காயம்

பி.ப. 4. டைமர் சத்தம். அலுமாரிக் கதவின் கீழால் செடி விளக்கின் வெளிச்சம். மனோ போய் நாலு மாதம் ஆகப்போகிறது, இன்னும் அந்த வெளிச்சத்தைக் கண்டால் உள்ளே அவள் நிற்கிறாள் என்றே முதலில் நினைக்கிறேன்.

மே 13, செவ்வாய்

மழை விட்டது. குளிர்.

பக்கத்து வீட்டு ராமுவிடம் போனேன். பிஜிக்காரன், பிளம்பர். கரும்பு வெட்டப் போன பாட்டன் வழியில் கொஞ்சம் தமிழ் மிச்சம் இருக்கிறது. போன வருடம் மனோவின் இடுப்பெலும்புக்குள் புற்றுநோய் இறங்கியபோது வேலிக்கு மேலால் முதல் கொப்பை நீட்டியவன் இவன்தான்.

டொக்டர் கஞ்சா எண்ணெய் எழுதித் தரத் தயாராகத்தான் இருந்தார். சட்டப்படி மருந்து. மருந்துக்கடையில் நிற்கிற பிள்ளை கோயில் ஆட்களின் மகள் என்பதால் போக வேண்டாம் என்று மறித்தவன் நான். மனோ சிரித்தாள். "சிவபெருமானுக்குப் பழக்கமான சாமான்தானே, எனக்கென்ன வெக்கம்?" என்றாள். வெட்கம் எனக்கு. அதனால் சட்டப்படி கிடைத்திருக்கக்கூடியதை அலுமாரிக்குள் களவாக வளர்த்தோம். மூளை எங்கே போயிற்றோ.

பாசியைப் பற்றி ராமு சொன்னது: "அண்ணா, மொஸ் தண்ணியில ஊறப் போடு. அப்புறம் நல்லாப் புழி, ஒரு சொட்டு விழக்கூடாது. கொப்பு வச்சு மூடு. ஒரு வாரம் திறக்காதே, ஓகே?"

பிறகு கேட்டான், "உனக்கு எதுக்கு இது? நீ ஒரு பீர் கூடக் குடிக்க மாட்டே."

கண்ணாடியைக் கழற்றினேன்.

"அவங்க கை வச்சது, இல்ல?" என்றான் அவனாகவே. கண்ணாடியைத் துடைக்கிற சாட்டில் திரும்பிக்கொண்டேன்.

மே 14, புதன்

ஸ்பாக்னம் பாசி வாங்கினேன். தென்தீவுச் சதுப்பில் பிடுங்கிக் காயவைத்து, செங்கல் மாதிரி அமத்தி அடைத்தது. தண்ணீரில் போட்டதும் ஒரு வாளி நிறைய எழும்பிவிட்டது. பழங்கிணற்று மணம்.

அரிசி கழுவின தண்ணீரில்தான் ஊறவைத்தேன். பின்வளவுக் கறிவேப்பிலைக்கு அதுதான், மிளகாய்க்கும் அதுதான். வெறும் பைப் தண்ணீரில் என்ன சத்து இருக்கிறது.

ஆறு கொப்பு வெட்டினேன். ஐஸ்கிறீம் பெட்டிக்குள் பாசி, பாசிக்குள் ஆறும், மேலே மூடி. சாமித் தட்டில் திரைக்குப் பின்னால், பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்தேன். ஏஜென்ற் பெட்டை அதைத் தொட மாட்டாள். போன முறை சாமித் தட்டுக்கு முன்னால் என்ன செய்வது என்று தெரியாமல் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்றவள்.

மூன்றாவது கொப்பு வெட்டும்போது பின்னால் "இஞ்சாருங்கோ" என்று மனோ என்னைக் கூப்பிடுகிற குரல் கேட்டது. தெளிவாக. திரும்பினேன். கதவில் அவளுடைய கம்பளிச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது, வேறு ஒன்றும் இல்லை. கத்தரிக்கோலை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நிலத்தில் இருந்தேன்.

மே 16, வெள்ளி

வேலை. ஒனிஹங்கா ஸ்ரோரில் காலை ஆறிலிருந்து இரண்டு வரை. முழங்காலுக்குச் சந்தோசம் இல்லை.

அபி போனில் கோல் எடுத்தாள். நான் தமிழில் கேட்பேன், மகள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இருபத்தெட்டு வருட வழக்கம்.

"சாப்பிட்டியோ பிள்ளை?"

"யெஸ் அப்பா. டிட் யூ?"

என்னைக் கிளென்ஃபீல்டுக்கு வந்து தங்களோடு இருக்கச் சொன்னாள். அறை ஒன்று சும்மா கிடக்கிறதாம். "யூ ஆர் ஆல் அலோன் தெயர்" என்றாள். தனிய இல்லை என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அடுத்த நாளே டொக்டரிடம் இழுத்துப் போயிருப்பாள்.

பெட்டியைத் திறக்கவில்லை. மூடிக்கு மேலால் பார்த்ததோடு சரி.

மே 18, ஞாயிறு

நல்ல வெயில். இருந்தென்ன.

ராமு தன் வான் வண்டியைக் கராஜுக்குள் பின்பக்கமாக விட்டான். செடியை வெட்டி மூன்று கறுப்புப் பைகளில் கட்டினோம். வீடு முழுக்க அதே மணம். எங்கே கொண்டுபோகிறாய் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. விளக்கு, டைமர், வெள்ளித் தாள் எல்லாம் அவனோடு போயின.

அலுமாரியைத் துடைத்து மனோவின் சேலைகளைத் திரும்ப மாட்டினேன். பதினெட்டு. கூறைச் சேலை அபியிடம்.

பி.ப. 4. டைமர் இல்லை, வெளிச்சம் இல்லை. ஆனாலும் நாலு மணி வந்தது. "இஞ்சாருங்கோ."

எழுதித்தான் ஆக வேண்டும். இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஜனவரி மாதக் கடைசிச் சனி. மனோவுக்கு முதுகு, இடுப்பு எல்லாம் நெருப்பு. நாலு மணிக்குக் கஞ்சா எண்ணெய்த் துளி எடுக்கிற வழக்கம். போத்தலும் செடியோடு அலுமாரிக்குள்தான். மூன்றே முக்காலுக்கு வாசலில் கோயில் ஆட்கள் ஐந்து பேர், சொல்லாமல் கொள்ளாமல். முன்னுக்குச் செல்வராசா அண்ணை. கோயிலில் தேவாரம் படிக்கிறவர். நான் ஓடிப்போய்ச் சின்ன அறையைப் பூட்டித் திறப்பைப் பொக்கற்றில் போட்டேன்.

கட்டிலைச் சுற்றி இருந்து படித்தார்கள். மனோ என்னைப் பார்த்து "இஞ்சாருங்கோ" என்றாள். பிறகு கதவைப் பார்த்தாள். விளங்கியது. விளங்காத மாதிரி நின்றேன். இரண்டாம் முறையும் கூப்பிட்டாள். வந்தவர்கள் எழும்புகிற பாடாக இல்லை. ஆறரை வரைக்கும் அவள் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு கிடந்தாள். கட்டில் விரிப்பைச் சுருட்டிப் பிடித்திருந்த கையை நான் மட்டும்தான் கண்டேன்.

அவர்கள் போனதும் போத்தலோடு ஓடினேன். "இனி வேண்டாம், களைச்சுப்போனன்" என்றாள். பிறகு கேட்கவே இல்லை. செவ்வாய்க்கிழமை போய்விட்டாள்.

மானம் பெரிது என்று இருந்தவன் நான். பாவி.

மே 19, திங்கள்

ஐந்து நாள்தான் ஆகிறது, பொறுக்க முடியவில்லை. திறந்தேன். புளித்த கஞ்சி மணம் மூஞ்சியில் அடித்தது. பாசி முழுக்க வெள்ளைப் பூஞ்சணம். கொப்புகள் அடியில் கறுத்து வழுவழுத்து, தொட்டதும் கையோடு வந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து.

தாய்ச்செடி நேற்றுத்தான் போனது. நேற்று!

ராமு வேலியில் நின்று தலையில் கை வைத்தான். "ரைஸ் வாட்டரா? அய்யோ அண்ணா, மூடி வச்ச டப்பாவுல சோறு போட்டது மாதிரி! அழுகாம என்ன செய்யும்?"

ஆறாவது கொப்பு மட்டும் ஓரத்தில் பச்சையாக நின்றது. அடியை ஒரு விரற்கடை வெட்டி எறிந்துவிட்டு, புதுப் பாசியில், கொதித்தாறிய தண்ணீர் தெளித்து வைத்தேன். ராமு சொன்னபடி ஒரு சொட்டுக் கூட இல்லாமல் பிழிந்து.

பெட்டிக்கு மூடி தேடிச் சமையலறை லாச்சியை இழுத்தால் உள்ளே மனோவின் துண்டுக் கடதாசி. அவள் எழுத்து.

"பாசி – கொதிச்சாறின தண்ணி மட்டும். அவர் அரிசித்தண்ணி ஊத்துவார், சொல்லி வைக்க வேணும்."

அடுப்படியில் நின்று சத்தம் போட்டு அழுதேன். அடி மனோ, சொல்லியிருக்கலாமே. நேரம் கிடைக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

மே 21, புதன்

தெற்குக் காற்று. ஃபெஜோவாப் பழங்கள் புல்லில் கொட்டுப்பட்டுக் கிடக்கின்றன. பொறுக்க மனம் இல்லை.

கொப்பு நிற்கிறது. இலை கொஞ்சம் தொய்வு. இழுத்துப் பார்க்க வேண்டாம் என்று ராமுவின் உத்தரவு. இழுக்கவில்லை. நாளுக்கு ஐந்து தரம் திரையை விலக்கிப் பார்க்கிறேன். பிள்ளையார் என்ன நினைக்கிறாரோ.

இது ஒன்றும் பிடிக்காவிட்டால் அவள் கை பட்ட உயிர் என்று இந்த வீட்டில் மிச்சம் நான் மட்டும்தான்.

மே 23, வெள்ளி

இன்ஸ்பெக்ஷன்.

காலை ஆறு மணிக்கே சாம்பிராணி போட்டேன். கறிக்கு வெங்காயமும் பெருஞ்சீரகமும் தாளித்து வைத்தேன். மணத்துக்கு மணம்.

பதினொன்று பத்துக்கு வந்தாள். கையில் ஐபாட். சின்ன அறை அலுமாரியைத் திறந்து, சேலைகளை ஒதுக்கி, பின்சுவரில் கை வைத்துப் பார்த்தாள். "பியூட்டிஃபுல்" என்றாள். சேலையைச் சொன்னாள். என் மனைவியுடையது என்றேன். அவர் வீட்டில் இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன். குத்தகையில் மனோவின் பெயர் இன்னும் இருக்கிறது, நான் மாற்றச் சொல்லவில்லை.

சாமித் தட்டுப் பக்கம் தலை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். குளியலறையில் நாலு படம். குழாய்க்கு ஆள் அனுப்புவார்களாம்.

கதவைச் சாத்திவிட்டுத் தட்டைப் பார்த்தேன். இலை நிமிர்ந்திருந்தது. பாசிக்கு வெளியே, பெட்டிச் சுவரோடு ஒட்டி, நூல் மாதிரி வெள்ளையாக ஒன்று. வேர்.

நாலு மாதத்தில் முதல் முறை வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மே 24, சனி

தூறல். பின்னேரம் மூன்றரைக்குக் கதவில் தட்டு. செல்வராசா அண்ணை. தனிய. பஸ்ஸில் வந்திருக்கிறார். ஆள் பாதியாகிவிட்டார், கொலர் கழுத்தில் ஒட்டாமல் நிற்கிறது. கதிரையில் சரியாக இருக்க முடியவில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்து இருந்தார்.

"தம்பி, எனக்கும் முதுகெலும்புக்கு வந்திட்டுது. பிள்ளையளுக்கு முழுக்கச் சொல்லேல்லை." கொலரை இழுத்துவிட்டார். "மனோ தங்கச்சி பாவிச்ச சாமான் மிச்சம் ஏதும் கிடக்கோ?"

"என்ன சாமான் அண்ணை?"

"ஒளிக்காதையும். நாங்கள் வந்தண்டைக்கே மணந்தது."

சின்ன அறைக் கதவைப் பார்த்தேன்.

"மணந்த உடனை நான் மற்றாக்களுக்குக் கண் காட்டினனான், கெதியா முடிச்சுக்கொண்டு எழும்புவம், அந்தப் பிள்ளை மருந்து எடுக்கட்டும் எண்டு. ரெண்டு பாட்டோடை எழும்பினனாங்கள். நீர்தான் விடேல்லை. தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகவேணும் எண்டு வாசல்லை மறிச்சனீர்."

"நான் மறிச்சனானோ?"

"ஓம் தம்பி. நாலரை இருக்கும்."

சாமித் தட்டிலிருந்து பெட்டியைக் கொண்டுவந்து காட்டினேன். ஒரு கொப்பு, ஒரு வேர். கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"இது மருந்தாக எவ்வளவு நாள் செல்லும்?"

"நாலு மாதம் அண்ணை. கூடவும் செல்லும்."

சிரித்தார். பெட்டியைக் கவனமாக மேசையில் வைத்து மூடியை அமத்தினார். டொக்டர் எழுதித் தருவார், திங்கள் நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். ஓம் என்றார். பஸ் நிறுத்தம் வரைக்கும் குடை பிடித்துக்கொண்டு போய் ஏற்றிவிட்டேன்.

திரும்பி வந்ததிலிருந்து இருக்கிறேன். வந்தவர்கள் எழும்புகிற பாடாக இல்லை என்று எழுதி வைத்திருக்கிறேனே, அப்படித்தானே நாலு மாதமும் நம்பினேன். இப்போது அன்றைக்கு நடந்ததெல்லாம் நினைவுக்கு வருகிறது. அண்ணை வாசலில் சப்பாத்துப் போடக் குனிந்தார். வந்தவர்களைச் சும்மா அனுப்பினால் என்ன நினைப்பார்கள் என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன். மனோ என்னைப் பார்த்தாள். வடை எடுத்து வைத்தேன். இரண்டாம் முறையும் தேத்தண்ணிக்குக் கேத்தில் போட்டது நான்தான்.