குளிப்பாட்டிய இஞ்சின்

19-8-2001
நான் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரி விருத்தாம்பாள் எழுதுகிறாள். எனக்குக் கையெழுத்துகூட வராது. பட்டு முதலாளிக்கு நான் ஓட்டிய பியட் இது. புது வண்டி வாங்கியதும் பழசை எனக்கே விட்டுவிட்டார். எந்த மேட்டில் எப்படி முனகும் என்பது வரைக்கும் தலையில் இருக்கிறது. ஆனால் இப்போது கழற்றிப் போட்டிருக்கிற இஞ்சினைப் பூட்டுகிற அன்றைக்கு நான் இல்லாமல் போனால்? எந்த ஓட்டையில் எந்தத் துணி அடைத்தேன் என்று பையன் ஜெயக்குமாருக்கு யார் சொல்வது? ஒரு துணி உள்ளே மாட்டினாலும் போச்சு. அதற்குத்தான் இந்த எழுத்து.

கீழ்ப்பாதி முடிந்தது. புது பிஸ்டன், புது ரிங். சிலிண்டரைக் கடைசி அளவு வரைக்கும் கடைந்தாச்சு. இனிக் கடைய இரும்பு இல்லை. துரு ஏறினால் காயலான் கடைதான். மேலே மூடுகிற ஹெட்டில் விரிசல். வேறு ஹெட் எப்போது கிடைக்குமோ! அதுவரைக்கும் திறந்து கிடக்கிற சிலிண்டர் வாயைத் துணியால் அடைத்துவைக்கணும்.

அடுத்த ஆடி வெள்ளிக்குப் படவேட்டு அம்மனை நம்ம வண்டியிலேயே போய்ப் பார்ப்போம் என்றேன். (பஸ்ஸில நின்னுகினு போனது போதும்டா சாமி. — இது நான், வி.)

21-8-2001
இன்றைக்கு என்ன சந்தோஷம்! சிலிண்டர் சுவரெல்லாம் ஆயில். மேல்முகத்தில் கிரீஸ், விரல் புதைகிற அளவு. அடைக்கப் பருத்தித்துணி ஆகாது, பிசிர் விடும். ஜெயக்குமார் தறியிலிருந்து பட்டு வெட்டுத்துண்டு கொண்டுவந்தான். ஜரிகை வந்ததைத் திருப்பிக் கொடுத்தேன், ஜரிகை கீறும். நாலு சிலிண்டருக்கும் ஆயிலில் நனைத்த பட்டு — அரக்கு, பச்சை, மாம்பழ மஞ்சள், வாடாமல்லி.

"மாப்பிள்ளை கணக்கா இருக்காரு" என்கிறாள் விருத்தாம்பாள்.

சிமெண்டுத் தரை ஈரம் ஏற்றும் என்று பலகைமேல் வைத்தோம். பிளாஸ்டிக்கை இறுக்கிக் கட்டினால் உள்ளே வேர்க்கும், போர்வைதான்.

23-9-2001
துணியை எடுத்து, இஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்து, திரும்ப அடைத்தேன். வெண்ணெய் மாதிரி சுத்துது!

25-10-2001
எழுதுடி. நீ பண்ணதை நீயே எழுது.

வேலூருக்கு ஹெட் தேடிப் போனேன். கிடைக்கலை. வந்து பாத்தா — ஆயுத பூசைன்னு போர்வையை எடுத்துட்டு, இஞ்சின் தலையில சொம்பு சொம்பா தண்ணி! சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை!

"அருவாமணையக் குளிப்பாட்டினேன், சைக்கிளக் குளிப்பாட்டினேன். அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"ன்றா.

பேஜார். இப்பத்தான் துணியைப் பிரிக்கப் போறேன். போச்சா?

26-10-2001
போகலை! போகவே இல்லை! பட்டு குடித்திருந்த ஆயில் தண்ணீரை உள்ளே விடவில்லை, மேலேயே முத்துமுத்தாக நின்றது. சந்தனம் கிரீஸோடு வழிந்து வந்துவிட்டது. வாடாமல்லி அடைத்த சிலிண்டரில் மட்டும், வாய் ஓரமாகப் பிறை மாதிரி பழுப்பாகக் கொஞ்சம் துரு. அந்தத் துணியைத் தளர்வாக அடைத்தது என் கைதான். நைசான எமரித்தாளை ஆயிலில் நனைத்துத் தேய்த்தேன். நகத்தை ஓட்டிப் பார்த்தேன். பள்ளம் எதுவும் தட்டவில்லை.

"அம்மன் காப்பாத்திட்டா, பாத்தீங்களா?"

அம்மனா, பட்டா? சண்டை இன்னும் முடியலை.

14-1-2002
பொங்கல். வாசலில் தண்ணீர் தெளித்தார்கள். இஞ்சின் கொட்டகைக்கு விருத்தாம்பாளே காவல். பெற்ற பிள்ளையைக்கூட உள்ளே விடவில்லை.

2-6-2002
ஹெட் கிடைச்சாச்சு! களம்பூர் அரிசி மில் ஓரத்தில் மக்கிக் கிடந்த ஒரு பியட்டில் இருந்தது.

பூட்டுவதற்கு முன்னால் அவள் பழைய பக்கத்தைப் படித்தாள், நான் ஒவ்வொன்றாக உருவினேன். "அரக்கு?" வந்தாச்சு. "பச்சை?" வந்தாச்சு. "மஞ்சள்?" வந்தாச்சு. "வாடாமல்லி?" — வந்தாச்சு, வந்தாச்சு!

9-6-2002
உறுமிச்சு. தெருவே வந்து நின்னுச்சு. என் கண்ணுல தண்ணி. புகைன்னு சொல்லிட்டேன்.

26-7-2002
ஆடி வெள்ளி. அவர் ஓட்டுறார், அதனால நானே எழுதுறேன். சந்தவாசல் தாண்டியாச்சு. கூட்டமா ஒரு பஸ் முன்னாடி போச்சு. ஹாரன் அடிச்சிகினு அதை முந்திட்டு என்னைத் திரும்பிப் பாக்குறார். ரோட்டைப் பாருங்கன்னேன். அம்மனுக்கு ஒரு மாலை, வண்டிக்கு ஒரு மாலை, ரெண்டும் என் மடியில. "வண்டிக்கு வெளியில மட்டும்"னு இதோட எத்தனை தடவை சொல்லிட்டார்.

எழுத்து கோணலா வருது. வண்டி ஓடிகினு இருக்குதே.