மில்லுக்குப் போகும் பொன்னாடை

குத்தாலம்

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் என்றுதான் எழுத வேண்டும்.

ரைஸ்மில் வாசலில் முதலாளி உங்களுக்குப் பொன்னாடை போர்த்தியபோது எல்லோரும் கைதட்டினார்கள். உங்கள் மாப்பிள்ளையும் தட்டினார்; இருமல் வந்து பாதியில் நிறுத்திவிட்டார்.

தொழிற்சங்கத்தில் இருந்தபோது, மூக்கை மறைத்துக்கட்டத் துணி கேட்டு இதே வாசலில்தான் மறியல் செய்தீர்கள். இப்போது நீங்கள் ஒன்றிய சேர்மன். முதலாளி இன்னமும் ஆளுக்கு ஒரு வெல்லக்கட்டிதான் தருகிறார். "வெல்லம் தின்னா தூசி தொண்டையில நிக்காதுடா" என்கிறார். உங்கள் மாப்பிள்ளையால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்தேதான் தூங்குகிறார்.

அன்றைக்கு "நீயே வச்சுக்கம்மா" என்று அந்தப் பொன்னாடையை என்னிடம் கொடுத்தீர்களே, அதைக் கிழித்துத்தான் தினமும் இவர் முகத்தில் கட்டி வேலைக்கு அனுப்புகிறேன்.

பளபளவென்று இருக்கிறது அண்ணே. தூசியை மட்டும் தடுக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் தங்கை